சேரியும் பட்டணமும்: இரட்டைமலை சீனிவாசனார் வாழ்க்கை

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், விழா மலருக்கு ஒரு சான்றோர் வரலாறு எழுதித் தருமாறு கழகப் பொறுப்பாளர்கள் என்னைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றியே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அண்ணலின் வரலாற்றை நம் இளைஞர்கள் ஓரளவேனும் அறிவர். அவர் படம் இல்லாத வீடு நம் தெருக்களில் அரிது. ஆனால் அண்ணல் பிறந்த அதே 1891 ஆம் ஆண்டில் சென்னையில் சபை கண்டு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவரோடு அருகருகே அமர்ந்து இலண்டன் மாநகரில் நம் உரிமைக்கு வாதிட்ட தமிழர் ஒருவரை நம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அறிவர்? பத்தாம் வகுப்பு மாணவரிடம் கேட்டுப் பார்த்தேன். தபால்தலையில் தலைப்பாகையுடன் இருப்பவர் என்று ஒரே ஒரு மாணவி மட்டும் சொன்னாள். ஆதலால் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரைத் தேர்ந்தேன்.

மற்றொரு காரணமும் உண்டு. கழகக் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழும் ஒரு பூசலை உறுப்பினர் யாவரும் அறிவீர்கள். பட்டணத்தில் அரசுப் பணியிலும் வங்கியிலும் இருக்கும் நம்மவர், ஊரில் உள்ளோர் கூட்டத்திற்கு வருவதில்லை, கேட்ட விவரம் தருவதில்லை என்பர். ஊரில் உள்ளோரோ, பட்டணத்தார் மாலை போட்டுக்கொள்ள வருகின்றனர், மறுநாள் நம் தெருப்பெயரையே மறந்துவிடுகின்றனர் என்பர். இரு சாரார் கூற்றிலும் உண்மை இருப்பதால்தான் இப்பூசல் தீர்வதில்லை. நம் பிள்ளைச்சாவடியின் நிலையே விந்தையானது. புதுச்சேரி நகரத்துக்கு இது கிராமம். உள்நாட்டு ஊர்களிலிருந்து வருவோர்க்கு இதுவே பட்டணத்தின் வாசல். காலாப்பட்டில் 1985 இல் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர், சென்னை செல்லும் கடற்கரைச் சாலை அகன்ற பின்னர், எது ஊர், எது நகர் என்று பிரித்துச் சொல்வதும் கடினமாகிவிட்டது. ஆயினும் மனங்களில் அந்தக் கோடு அழியவில்லை. அக்கோட்டின் மேலேயே வாழ்நாள் முழுவதும் நடந்தவர் சீனிவாசனார்.

அவர் பிறந்தது செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தைச் சேர்ந்த கோழியாளம் என்னும் சிற்றூர். நம்மிடமிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னை செல்வோர் யாவரும் அவ்வட்டத்தைக் கடந்தே செல்கின்றனர். பிறந்த நாள் 1859 ஜூலை 7. ஆண்டினை 1860 எனக் குறிப்போரும் உளர். வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்தக் குடும்பம் தஞ்சைக்குப் பெயர்ந்தது. பின்னர் கோவைக்குச் சென்றது.

கோவையில் அவர் பயின்ற பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவர் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சம் அச்சிறுவனை விடாது பற்றியிருந்தது. ஊர் எது, உறவினர் யார், வீடு எங்கே என்று எவரேனும் கேட்டுவிடுவரோ என அஞ்சிப் பிற பிள்ளைகளுடன் விளையாடாமல் ஒதுங்கியே இருந்தார். பள்ளி முடிந்ததும், உடன் வருவார் எவரும் தம் வீட்டைக் காணாதபடி விரைந்து நடந்து மறைவார். இதனை அவரே முதுமையில் எழுதி வைத்தார்.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லுதல் பிழையாகாது. பட்டணத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் பயின்றபோது, எந்த ஊர் என்று கேட்டால் காலாப்பட்டுப் பக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். எந்தத் தெரு என்ற அடுத்த கேள்விக்கு விடை சொல்லாதிருக்க, பேச்சை வேறு திசைக்குத் திருப்பும் வித்தையைப் பதினோரு வயதில் கற்றிருந்தேன். ஒரு நாள் என் தந்தையார் விறகு வண்டியோடு பள்ளி வாயிலுக்கு வந்து என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். நான் கேளாதவன் போல உள்ளே சென்றுவிட்டேன். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. கோவைச் சிறுவனின் கதையை முதன்முதலாகப் படித்தபோது, நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன்.

கல்விக்குப் பின் சீனிவாசனார் நீலகிரிக்குச் சென்றார். அங்கே ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பத்தாண்டுகள் பணியாற்றினார். அக்காலத்து நீலகிரி, நம் மக்களுக்கு ஒரு புதிய உலகமாக இருந்தது. காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் ஐரோப்பியர் இல்லங்களுக்கும் வேலைக்குச் சென்றோர், பண்ணையாரின் கண்ணுக்கு எட்டாத தொலைவில் முதன்முறையாகக் கையில் கூலிக் காசைக் கண்டனர். அங்கேதான் அயோத்திதாச பண்டிதரும் இருந்தார். சீனிவாசனாரின் உடன்பிறந்தாளை மணந்தவர் பண்டிதர். இருவரும் மைத்துனர் முறையினர். பின்னாளில் இருவரின் வழிகளும் வேறுபட்டன. பண்டிதர் பௌத்தத்தின் வழியே நம் தொன்மையைத் தேடினார். சீனிவாசனார் அரசாணை, மனு, சட்டமன்றம் என்னும் வழியைப் பற்றினார். எவர் வழி சிறந்தது என்று நம் இளைஞர்கள் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். இருவரும் தேவைப்பட்டனர் என்பதே என் கருத்து.

1890 ஆம் ஆண்டில் சீனிவாசனார் சென்னைக்கு வந்தார். வந்தவுடன் அவர் மேடை ஏறவில்லை. ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் நம் மக்களின் பழைமையையும் நிலைமையையும் ஆராய்ந்தார். சேரிகளுக்கு நேரில் சென்று மக்களுடன் பழகி, அவர்கள் படும் துயரைக் கேட்டறிந்தார். படித்து, கணக்கர் வேலை பார்த்து, நல்லுடை உடுத்திய ஒருவர் சேரிக் குடிசையின் திண்ணையில் அமர்ந்து கேள்வி கேட்டால் மக்கள் எளிதில் வாய் திறந்திருப்பரோ? கடினமே. நம் கழக இளைஞர்கள் கணக்கெடுப்புக்குச் சென்றபோது, ரேஷன் அட்டையைப் பறிக்க வந்தவர்களோ என்று கிழவியர் கதவடைத்ததை நினைவிற்கொள்க.

அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தின் நிலையைச் சற்று விளக்க வேண்டும். அது தெரியாவிட்டால் அவர் செய்த பணியின் அருமை விளங்காது. அங்கே மிராசு முறை வேரூன்றியிருந்தது. பயிரிடப்படாத தரிசு நிலத்தின் மீதும் முதல் உரிமை மிராசுதாரருக்கே. நம்மவர் குடியிருந்த மனைகூடப் பல இடங்களில் அவர்களுடையது. எதிர்த்துப் பேசினால் வேலை போகும். அன்று மாலையே குடிசையும் போகும். மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் இந்நிலையை விசாரித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892 இல் பிறந்த அரசாணையின் வழியே நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களையே இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். 1893 பிப்ரவரியில் நம் பிள்ளைகளின் கல்விக்கென மற்றோர் ஆணையும் வெளிவந்தது.

ஆணைகள் வந்தன. ஆனால் அவற்றைக் கேட்டுப் பெற வேண்டியவர் யார்? குடிசையே பிறர் மனையில் இருக்கும் ஒருவன் எந்த மனுவில் துணிந்து கைந்நாட்டு வைப்பான்? ஊரில் துயரம் இருந்தது. அதைச் சொல்லும் சுதந்திரம் இல்லை. பட்டணத்திலோ ஐரோப்பியர் இல்லங்களில் பட்லராக இருந்தோர், பட்டாளத்தில் பணியாற்றித் திரும்பியோர், துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்தோர், பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் வேலை செய்தோர் எனப் பல்லாயிரவர் இருந்தனர். அவர்கள் சோற்றுப்பானை மிராசுதாரர் கையில் இல்லை. ஆனால் அவர்களுள் பலர் ஊரை மறக்க விரும்பினர். ஊரை நினைத்தால் அவமானமும் நினைவுக்கு வரும். இந்த இரு கூட்டத்தாரையும் ஒரே காரியத்தில் இணைப்பது எப்படி என்பதே சீனிவாசனார் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கணக்கு என்று கருதுகிறேன்.

1891 இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் பறையன் என்னும் பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். அப்பெயரைக் கேட்டு முகம் சுளித்தோர் வெளியாரில் மட்டுமல்லர், நம்மவரிலும் இருந்தனர். பட்டணம் வந்து பெயரை மறைத்து வாழ்ந்தோர்க்கு, அதைத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தெருவில் விற்பது பொறுக்குமா? பள்ளியில் தம் வீட்டை மறைத்து ஓடிய அதே சிறுவன்தான் முப்பது வயதைக் கடந்ததும் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். பிற்காலத்தில் ஆதிதிராவிடர் என்ற பெயரே அரசு ஆவணங்களில் வழங்க வேண்டும் எனப் பெருந்தலைவர் எம்.சி. ராஜா முதலியோர் முயன்று 1922 இல் வெற்றி பெற்றனர். அதுவும் நியாயமே. பெயரைப் பற்றிய விவாதம் நம்மிடையே இன்றும் ஓயவில்லை. நான் அதனுள் நுழையப் போவதில்லை.

இதழ் நான்கு பக்கங்கள் கொண்டது. விலை இரண்டு அணா. முதல் இதழுக்கு ஆன செலவு பத்து ரூபாய். இரண்டே நாட்களில் நானூறு பிரதிகள் விற்றுப் போயின. மாத இதழாகத் தொடங்கியது, மூன்றே மாதங்களில் வார இதழாயிற்று. இரண்டாண்டுகளில் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது. நானூறு என்பது இன்று சிறிய எண்ணாகத் தோன்றலாம். நம் மக்களுள் எழுத்தறிந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க காலம் அது. ஒருவர் வாசிக்கப் பலர் சூழ்ந்து கேட்பதே அன்றைய வழக்கம். ஒவ்வொரு தாளின் பின்னும் ஒரு திண்ணைக் கூட்டம் இருந்திருக்கும். சேரிகளின் குறைகள் இதழின் வழியே பட்டணத்தார் காதுக்கும் அதிகாரிகள் மேசைக்கும் சென்றன. அரசு பிறப்பித்த ஆணைகள் இதழின் வழியே சேரிகளுக்குச் சென்றன. ஒரு வழக்கில் இதழாசிரியருக்கு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டபோது அத்தொகையைச் சமுதாய மக்களே கட்டினர். பத்து ரூபாயில் ஓர் இதழை வெளியிட முடிந்த காலத்தில் நூறு ரூபாய் என்பது எளிய தொகை அன்று.

அதே 1893 டிசம்பரில் அவர் செய்த ஒரு செயல் இன்றும் விவாதத்துக்குரியதாக இருக்கிறது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் எனக் காங்கிரசார் கோரி வந்தனர். சீனிவாசனார் சென்னை இராயப்பேட்டையில் கூட்டம் கூட்டி, அதனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றினார். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். நாட்டவர் உயர் பதவிக்கு வருவதை நம்மவரே எதிர்ப்பதா என்று அன்றும் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். அவர் கண்ணோட்டத்தில் கேள்வி வேறாக இருந்தது. தேர்வு இங்கே நடந்தால், படித்த உயர்சாதியாரே ஆட்சியராக வருவர். அப்போது சேரியின் புகாரை விசாரிப்பவரும் புகாருக்கு உள்ளானவரும் உறவினராக இருப்பர். பட்டணத்தில் படித்தோர்க்குக் கிடைக்கும் பதவியை அவர் ஊர்க் கிணற்றின் அருகில் நின்று அளந்தார். அந்த அளவுகோல் எல்லாக் காலத்துக்கும் சரி என்று நான் சொல்லவரவில்லை. இன்று நம் பிள்ளைகளே அத்தேர்வை எழுதி ஆட்சியராகின்றனர். அதற்கு நம் கழகமும் புத்தகம் வாங்கித் தருகிறது. ஆயினும் அந்த 112 அடித் தாளைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள். நம் பள்ளியின் நீண்ட வகுப்பறைக் கட்டடத்தையும் தாண்டி நீளும்.

பத்தாண்டு உழைப்பின் முடிவில், மனுக்களால் மட்டும் பயனில்லை, நேரிலேயே சென்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்தாரிடம் முறையிட வேண்டும் என அவர் முடிவு செய்தார். 1900 இல் புறப்பட்டார். இதழும் அத்துடன் நின்றது. ஆனால் இலண்டனை அவர் அடையவில்லை. ஆப்பிரிக்காவின் கீழைக் கரையில் தங்க நேர்ந்து, பின்னர் 1904 இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை அடைந்தார். அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியேற்றார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பல்லாயிரவர் அங்கே இருந்தனர். தோட்டத்துத் தொழிலாளி ஒருவன் தன் குறையைத் தமிழில் சொல்ல, அதை ஆங்கில நீதிபதிக்கு விளங்க உரைப்பதே அவர் தொழில். சென்னையில் இதழ் மூலம் செய்ததை அங்கே வாய்மொழியாகச் செய்தார் எனலாம். அங்கு வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளுடன் பழக்கம் ஏற்பட்டது. அவருக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்றுக்கொடுத்தவர் சீனிவாசனார் என்பர். குடும்பத்தை விட்டுப் பிரிந்த இந்த நீண்ட காலத்தைப் பற்றி நாம் அறிவன குறைவே. அவர் மனைவி அரங்கநாயகி அம்மையார் அந்த ஆண்டுகளை எவ்வாறு கடத்தினார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. பெரியோர் வரலாறுகளில் பெண்டிர் பட்ட பாடு பெரும்பாலும் ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. நானும் அதையே செய்கிறேன்.

1921 இல் அவர் தாயகம் திரும்பியபோது சென்னை கொந்தளித்துக்கொண்டிருந்தது. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் சாதிப் பிளவாக மாறி, புளியந்தோப்பில் நம்மவர் குடிசைகள் எரிந்தன. பட்டணத்துக்கு வந்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நம்பியோர்க்கு அது பெரிய பாடம். நம் புதுச்சேரியிலும் ஆலைகள் இருந்தன. 1936 ஜூலை 30 அன்று பன்னிரு தொழிலாளர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். கிராமங்களிலிருந்து விடியுமுன் நடந்து ஆலைக்குச் சென்ற நம் பாட்டன்மாரும் அக்காலத்தவரே. ஆலைக்குள் ஒரே இயந்திரத்தில் நின்றவர்கள், ஊர் திரும்பியதும் வேறு வேறு தெருவுக்குப் பிரிந்து சென்றனர்.

1923 இல் சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அவர் வாழ்வின் மிகச் சிறந்த செயல் என நான் கருதுவது மறு ஆண்டு நிகழ்ந்தது. 1924 ஆகஸ்டில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பினராயினும், எந்தப் பட்டணத்திலும் எந்தக் கிராமத்திலும் உள்ள பொதுச் சாலை, தெரு, நடைபாதை எதிலும் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் பயன்படுத்துவது போலவே தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம். இவையே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, செப்டம்பரில் அரசாணையாகவும் வெளிவந்தது.

அத்தீர்மானத்தில் பட்டணம், கிராமம் என்னும் இரண்டு சொற்களும் அருகருகே நிற்பதைக் கவனிக்க வேண்டும். சென்னையின் பெருந்தெருக்களில் நடக்க அப்போது ஆணை எதுவும் தேவைப்படவில்லை. டிராம் வண்டியில் காசு கொடுத்தவன் ஏறினான். ஆணை தேவைப்பட்டது கோழியாளத்துக்கு. ஆனால் கோழியாளத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்க இயலாது. கோட்டையில் அமர்ந்துதான் கேட்க இயலும். அரசிதழில் அச்சிட்டால் சேரிக்குத் தெரியாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆகவே கிராமந்தோறும் தமுக்கடித்து அறிவிக்க வேண்டும் என்பதையும் கேட்டார். ஊரில் தமுக்கடிப்பவர் யார்? பெரும்பாலான ஊர்களில் அவரும் நம்மவரே. எந்தக் கிணற்றில் நீர் மொள்ள அவருக்கு உரிமையில்லாதிருந்ததோ, அக்கிணற்றின் அருகில் நின்று, எவரும் இதில் நீர் எடுக்கலாம் என்று அவரே பறையறைந்து சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்த பிறகு அவர் எங்கே போய்த் தண்ணீர் குடித்தாரோ!

ஆணையால் மட்டும் கிணறு திறக்கவில்லை என்பது உண்மையே. பம்பாய்ச் சட்டமன்றத்திலும் 1923 இல் போலே என்பவர் இத்தகைய தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தார். அது தாளில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடு என்னும் ஊரில் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவுதார் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகியபோதுதான் அத்தாளுக்கு உயிர் வந்தது. ஆனால் தாளில் அது இருந்ததால்தான், குளத்துக்குச் சென்றோர் சட்டத்தை மீறியவர் ஆகவில்லை என்பதையும் மறக்கலாகாது. நம் பகுதி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் சென்னை அரசாணை நமக்குப் பொருந்தவில்லை. எல்லைக்கோட்டுக்கு அப்பால் உள்ள ஊரில் தமுக்கடித்தால் ஓசை நமக்கும் கேட்கும். உரிமை மட்டும் எட்டாது. இங்கே குடியரசின் சமத்துவம் சுவரில் எழுதப்பட்டிருந்தது. சேரிக் கிணறும் ஊர்க் கிணறும் தனித்தனியே இருந்தன.

1930 இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதிகளாக இருவர் அழைக்கப்பட்டனர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர், மற்றவர் சீனிவாசனார். முப்பது ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டு அடையாத இலண்டனை எழுபது வயதைக் கடந்து அடைந்தார். இருவரும் இணைந்து, தாழ்த்தப்பட்டோர்க்கு வேண்டிய அரசியல் பாதுகாப்புகள் குறித்து ஓர் அறிக்கையை மாநாட்டில் அளித்தனர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்றால் யாது என வினவியபோது, தெருவில் எங்களுள் ஒருவன் விழுந்துவிட்டால் மேல்சாதியான் கைகொடுத்துத் தூக்கமாட்டான் என அவர் விளக்கினார் என்றும், மன்னர் திடுக்கிட்டார் என்றும் அறிகிறோம். வேதம், சாத்திரம், வருணம் என்று நீண்ட விளக்கம் தந்திருக்கலாம். அவர் மன்னர் முன்னிலையிலும் ஒரு கிராமத்துத் தெருவையே எடுத்து வைத்தார்.

1931 இல் நடந்த இரண்டாம் மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமும் உண்டு, எம்.சி. ராஜாவின் கையொப்பமும் உண்டு. தனித் தொகுதியைக் கைவிட்டு 148 இடங்கள் ஒதுக்கீடாகப் பெறப்பட்டன. அவற்றுள் 30 சென்னை மாகாணத்துக்கு உரியவை. அது வெற்றியா தோல்வியா என்பதை வரலாற்று மாணவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

அண்ணலுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. 1935 இல் அண்ணல் மதம் மாறுவதாக அறிவித்தபோது, நாம் வருணத்துக்குப் புறம்பானவர்கள், இந்து மதத்துக்குள் இல்லாதவர்கள் எதிலிருந்து மாறுவது என்று சீனிவாசனார் கேட்டார். கிராமத்தைப் பற்றிய நோக்கிலும் இருவருக்கும் வேறுபாடு இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. கிராமமே சாதியின் கோட்டை, அதைவிட்டு நகருக்கு வெளியேறுவதே மீட்சி என அண்ணல் கருதினார். அவர் கூற்றில் உள்ள உண்மையை அனுபவித்து அறிந்தவர்கள் நாம். சீனிவாசனாரோ வெளியேறியவர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். எல்லோரும் ஒரே நாளில் வெளியேற இயலாது. இருப்போர்க்குக் கிணறும் நிலமும் பள்ளியும் வேண்டுமே. இன்று நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றனர். செல்லட்டும். அவர்கள் பெற்றோர் இங்கேதான் இருக்கின்றனர்.

அரசு அவருக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்னும் பட்டங்களை அடுத்தடுத்து வழங்கியது. பட்டங்களைக் காட்டி அவரை ஆங்கிலேயரின் ஆள் என இகழ்ந்தோர் உண்டு. அப்பட்டங்களைப் பெற்ற உயர்சாதியார் பலரை அவ்வாறு எவரும் இகழக் காணோம் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். 1945 செப்டம்பர் 18 அன்று சென்னைப் பெரியமேட்டில் அவர் காலமானார். விடுதலைக்கு இரண்டாண்டுகள் குறைந்தன. ஓட்டேரியில் அடக்கம் செய்யப்பட்டார். 2000 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. எங்கள் மாணவி கண்டது அதுவே.

இறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1939 இல், ஜீவிய சரித்திரச் சுருக்கம் என்னும் பெயரில் தம் வரலாற்றை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். பெயருக்கேற்ப அது சுருக்கமே. அரை நாளில் படித்துவிடலாம். மன்னரைக் கண்டவர், சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியவர், கடல் கடந்து இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர் அந்நூலில் அவற்றையெல்லாம் சிக்கனமாகவே சொல்லிச் செல்கிறார். ஆனால் கோவைப் பள்ளியில் வீட்டை மறைத்து விரைந்தோடிய அந்தச் சிறுவனை அவர் விட்டுவிடவில்லை. எண்பது வயதை எட்டும் காலத்தில், எவரும் கேளாமலேயே, எந்தத் தெருவை அன்று மறைத்தாரோ அதனைத் தம் பெயரோடு சேர்த்து அச்சிட்டு, விலைக்கு வைத்தார்.